முந்தானையில் தைனான்

அந்த ஞாயிற்றுக்கிழமையோடு அண்ணன் தைனானை விட்டு வந்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அவன் இன்னும் அங்கேதான் இருந்தான்.

தைனான், தைவானின் தெற்கே இருக்கும் பழைய நகரம். அங்கே சிப் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் என் அண்ணன் ரஞ்சித்குமார் மூன்று வருடம் வேலை பார்த்தான். சித்திரையில் ஆட்களைக் குறைத்தார்கள். வேலை போனதும் விசாவும் போயிற்று. சென்னையில் இறங்கியவன் வீடு இருக்கும் ஆரணிக்கு வரவில்லை. வேலூர் ரோட்டில் கண்ணமங்கலத்தில், அவனோடு காலேஜில் படித்த கிரணின் சிமென்ட் கடை மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. அங்கே போய்த் தங்கிவிட்டான். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். வந்து இரண்டு மூன்று நாள் கழித்து எனக்குப் போன் செய்தான்.

"அபி, என் பழைய லுங்கி ரெண்டு பீரோல இருக்கும். எடுத்துகினு வா. அம்மாக்குத் தெரிய வேணாம்."

"தைனானுக்கா?"

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான். ஒரே ஒரு வாரம் என்றான். ஒசூரில் இரண்டு இன்டர்வியூ இருக்கிறது, கையில் வேலையை வைத்துக்கொண்டுதான் அப்பா முன்னால் வந்து நிற்பேன் என்றான். நான் சரி என்றேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. எம்.எஸ்சி. இயற்பியல் வைவாவில்கூட எல்லாப் பதிலையும் தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். பேசத் தெரியாதவள் எதையும் வெளியே சொல்லமாட்டாள் என்று அண்ணன் நினைத்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் இரண்டாயிற்று, மூன்றாயிற்று. அதற்குள் வீட்டில் அவன் கல்யாண வேலை ஓட ஆரம்பித்துவிட்டது.

பொங்கலுக்கு வந்தபோது அண்ணன் ராதிகாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனான். பங்குனியில், அவன் இல்லாமலேயே, பெண்ணுக்குப் பூ வைத்தார்கள். ராதிகாவின் அப்பா ஜீவானந்தம் மாமாவுக்குச் சொந்தமாக நாலு தறி. என் அப்பா மாணிக்கவேல் பட்டு வியாபாரம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தும் சம்பந்தி ஆவார்கள் என்று நினைத்ததில்லையாம். இதைத் தினமும் ஒருமுறை சொல்லிக்கொண்டார்கள்.

பூ வைத்த பிறகு மாப்பிள்ளை இருக்கும் ஊரைப் பார்க்க வேண்டும் என்று பெண் வீட்டார் ஆசைப்பட்டார்கள். அண்ணன் தைனானில் இருந்த கடைசி இரண்டு வாரம், வேறு வேலை இல்லாமல், ஊரைச் சுற்றிச் சுற்றி வீடியோவாக எடுத்து வைத்திருந்தான். அதில் ஒன்றை ஞாயிறுதோறும் காலையில் எனக்கு அனுப்புவான். அன்று எடுத்ததுபோல் நான் அதை டிவியில் போட வேண்டும். அவன் வீடியோவில் அதிகம் பேசமாட்டான். எனவே விளக்கமும் நானே சொல்ல வேண்டும். அப்பா, அம்மா, ஜீவானந்தம் மாமா, சில வாரம் ராதிகா, காப்பி டம்ளரோடு வந்து நிற்கும் எதிர்வீட்டுக்காரர்கள். இவ்வளவு பேர் முன்னால், நான் போகாத ஊருக்கு, நான் வழிகாட்டி.

"இன்னா இது, சாமி ஊர்வலமா?" என்றார் அம்மா முதல் வாரம். ஒரு சந்துக்குள் மஞ்சள் வண்டி ஒன்று பியானோ இசை போட்டுக்கொண்டு வர, வீடு வீடாக ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள்.

"குப்பை வண்டிம்மா."

"குப்பைய வாங்க வர்றதுக்கா இவ்ளோ நல்ல பாட்டு?"

"நம்ம முனிசிபாலிடி வண்டியும்தான் பாட்டு போட்டுகினு வருது. நீ எந்திரிச்சி போறியா சாவித்திரி?" என்றார் அப்பா.

"குப்பையயும் உங்க பனியன் மாதிரி நாலு நாள் கழிச்சி ஒண்ணா போடுவேன். உங்களுக்கு இன்னா?"

அடுத்த வாரம் இரவுக் கடைத்தெரு. கனமான ரொட்டித் துண்டை வறுத்து, நடுவில் குடைந்து, கெட்டியான வெள்ளைக் குழம்பை ஊற்றி, ரொட்டியாலேயே மூடி போட்டுக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது பார்க்க. அம்மா பெயர் கேட்டார். யோசிக்காமல், அண்ணன் சொல்லியிருந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

"சவப்பெட்டி ரொட்டி."

ஜீவானந்தம் மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"பூ வச்ச வீட்ல இன்னாடி பேச்சு இது?" என்றார் அம்மா.

"பேர் நான் வைக்கலம்மா."

"வேற பேர் சொல்லக்கூடாதா? மூடி ரொட்டின்னு சொன்னா ஆவாதா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது மூடி ரொட்டி.

இதெல்லாம் போகட்டும். முந்தானை விஷயம் வந்தபிறகுதான் எனக்குத் தூக்கம் போயிற்று.

ஜீவானந்தம் மாமா குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மகள் எந்த ஊருக்கு வாழப் போகிறாளோ அந்த ஊரை அவளுடைய முகூர்த்தப் புடவையின் முந்தானையில் நெய்து போடுவார்கள். மூத்த மகளைச் செஞ்சியில் கொடுத்தார். அவள் முந்தானையில் செஞ்சிக் கோட்டை, மலையோடு, ஜரிகையில் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்தப் புடவையைப் பார்க்காதவர்கள் கிடையாது. இப்போது ராதிகா போகும் ஊர் தைனான். ஆகவே முந்தானையில் தைனான் வந்தாக வேண்டும்.

அவர் நாலாவது வாரம் வந்தபோது தனியாக வரவில்லை. டிசைனர் தமிழ்வாணனை லேப்டாப்போடு கூட்டிவந்தார். புடவை டிசைனைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் துளை குத்தி, தறிக்கு மேலே மாட்டுவார்கள். அட்டை குத்திய பிறகு ஒரு கட்டத்தை மாற்றவேண்டுமென்றாலும் புது அட்டைதான். அதனால் தமிழ்வாணன் எதையும் இரண்டு முறை கேட்பார்.

அன்று டிவியில் ஓடியது அந்த ஊரின் பழைய கோட்டைக் கோபுரம். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் அடித்தளம், அதன் மேல் சீனர்கள் எழுப்பிய சிவப்பு மண்டபம், இரண்டு அடுக்குக் கூரை, மூலைகள் மேலே வளைந்து நிற்கும். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

"நிறுத்து பாப்பா, நிறுத்து" என்றார் ஜீவானந்தம் மாமா. "கீழ வரிசையா நிக்குதே, அது இன்னா?"

"கல் ஆமை மாமா. முதுகுல கல்வெட்டத் தூக்கிகினு இருக்குது."

"பார்டருக்கு ஜோரா இருக்கும். தமிழு, ஆமைய எடுத்துக்கோ."

"முகூர்த்தப் புடவைல ஆமையா சம்பந்தி?" என்றார் அம்மா.

"கல் ஆமைதானேம்மா."

"எந்த ஆமையா இருந்தா இன்னா, வீட்டுக்குள்ளதானே வரப்போவுது?"

ஆமையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில், முந்தைய வீடியோவில் அந்த ஊர் வீட்டு வாசல்களில் நம் திருஷ்டி பொம்மைபோல் மாட்டியிருந்த ஒரு சிங்கமுகத்தை மாமா கேட்டார். அது வாயில் வாளைக் கவ்விக்கொண்டிருக்கும். கல்யாணப் புடவையில் கத்தி எப்படி என்று அம்மா கேட்டார். கத்தியை எடுத்துவிடலாம் என்றார் மாமா. தமிழ்வாணன் அப்படியே வரைந்து, லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

"கத்திய எடுத்தா சிங்கம் பல் விளக்கறா மாதிரி இருக்குது சார்."

சிங்கமும் போயிற்று. கடைசியில் கோபுரம் மட்டும் நின்றது. அதிலும் ஒரு சிக்கல். கூரையின் உச்சி முனையில் ஏதோ ஒரு உருவம் வால் தூக்கி நிற்கிறது. அண்ணன் அதை நோக்கிக் கேமராவைத் தூக்குகிறான். சரியாக அந்த நேரத்தில் பூப்போட்ட குடை ஒன்று குறுக்கே வருகிறது. குடை நகர்வதற்குள் அண்ணன் வேறு பக்கம் திரும்பிவிடுகிறான். அந்த இடத்தை இருபது முறை போட்டுப் பார்த்தோம். இருபது முறையும் குடை வந்தது.

"மீன் வாலா, பாம்பு வாலா?" என்றார் தமிழ்வாணன். "மீன்னா செதில் போடணும். பாம்புன்னா கட்டமே வேற."

நான் நெட்டில் தேடி நாலைந்து படம் காட்டினேன். ஜீவானந்தம் மாமா பார்க்கவே மாட்டேன் என்றார்.

"நெட்ல இருக்கறத பக்கத்துத் தெருக்காரனும் எடுப்பான் பாப்பா. அப்புறம் அவன் கடைலயும் இதே முந்தானை தொங்கும். மாப்ள கையால எடுத்ததுதான் வேணும். அந்த ஊர்லதானே இருக்கார்? ஒரு எட்டு போயி கிட்டக்க எடுக்கச் சொல்லு."

ஒரு எட்டு! மொட்டைமாடிக்குப் போய் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"மீன்னு சொல்லிடு" என்றான்.

"மீனா அது?"

"எனக்கு இன்னா தெரியும்? யாரு அண்ணாந்து பாத்துகினு இருந்தா?"

"மூணு வருஷம் அந்த ஊர்ல இருந்தண்ணா."

"நீ பொறந்ததுலேர்ந்து ஆரணிலதானே கீற? கோட்டைல எத்தினி கொத்தளம், சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

அவன் பொய்யை நடத்திய விதம்தான் தாங்கவில்லை. தைனானில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால், கண்ணமங்கலத்தில் எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு, "லேட் ஆயிடுச்சும்மா, பதினோரு மணி, தூங்கறேன்" என்பான். வீடியோ காலில் வராததற்கு, முகம் காட்டும் கேமரா மட்டும் உடைந்துவிட்டது என்று காரணம். ஒருநாள் அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் கண்டக்டர் குரல், "வேலூர் வேலூர் வேலூர், ஏறு ஏறு" என்று தெளிவாகக் கேட்டது.

"இன்னாடா அங்க வேலூர்ன்றாங்க?" என்றார் அம்மா.

"யூட்யூப்மா. ஊர் நெனப்பு வந்துது, அதான் போட்டுகினு கேக்கறேன்."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம் பிள்ளை, கண்டக்டர் குரலைக்கூடப் போட்டுக் கேட்கிறான் என்று தெருவெல்லாம் சொன்னார். நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைச் சத்தமாக அடுக்கினேன்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ராதிகா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். தினமும் பஸ்ஸில் கண்ணமங்கலம் வழியாகத்தான் போய் வருகிறாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். அண்ணி என்று கூப்பிடு என அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு வாய் வரவில்லை. எதுவும் சொல்லி அழைக்காமலே பேசிச் சமாளித்தேன்.

"அபி, உங்க அண்ணன்கிட்ட சட்டையே கிடையாதா? எந்த வீடியோ பாத்தாலும் அதே நீலச் சட்டை கைதான் வருது."

"அவனுக்கு அந்தக் கலர் புடிக்கும்."

"கல்யாணம் ஆவட்டும். முதல்ல அதத்தான் தொலைக்கணும்." சிரித்தாள். பிறகு பையைத் திறந்து ஆஸ்பத்திரி அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தாள். "மூணு வருஷம் கான்ட்ராக்ட்ல இருந்தேன் அபி. போன மாசம்தான் பர்மனென்ட் பண்ணாங்க. என்னோட சேந்த எட்டு பேர்ல எனக்கும் இன்னொருத்தருக்கும்தான் கெடச்சுது. இப்ப விட்டா திரும்பத் தரமாட்டாங்க."

"அப்போ ஏன் விடணும்?"

"தைனான்லேர்ந்து தினமும் வேலூருக்கு வர பஸ் இருக்குதா? ரெண்டு மாசம் நோட்டீஸ் குடுக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள மெயில் போட்டாதான் ஆவணி கல்யாணத்துக்கு முன்னாடி விடுவாங்க. உங்க அண்ணனக் கேட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"உன் இஷ்டம்னாரு."

மறுநாள், நான் பாடம் எடுக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் இல்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணமங்கலம் பஸ் ஏறினேன்.

அண்ணன் லுங்கியோடு சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தான். முடி வளர்ந்திருந்தது. ஒசூரில் ஒரு கம்பெனி வேண்டாம் என்றுவிட்டது, இன்னொன்று பதிலே போடவில்லை என்றான்.

"அவங்க வேலைய விடப்போறாங்க" என்றேன்.

"தெரியும்."

"விடாதன்னு சொல்லு."

"ஏன்னு கேப்பா."

"கேக்கட்டும்."

"புதன்கிழமை வரைக்கும் டைம் குடு அபி. ஒசூர்க்காரன் புதன்கிழமை சொல்றேன்னிருக்கான்."

"மெயில் ஞாயித்துக்கிழமை போவுது. உன் இஷ்டம்னு ஏன் சொன்ன? அவங்க இஷ்டமா இது?"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். சட்டென்று என் கையைப் பிடித்து மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்தான்.

"அவ பஸ் வர நேரம். இந்தப் பக்கம் ஜன்னலோரம்தான் உட்காருவா."

பஸ் வந்து கடைக்கு எதிரிலேயே நின்றது. ராதிகா ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பை மடியில் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்ததும் பஸ் கிளம்பியது. என் துப்பட்டாவெல்லாம் சிமென்ட்.

"தெனம் இப்படித்தான் பாக்கறியா?" என்றேன்.

"காலைலயும்" என்றான்.

அவன்மேல் பரிதாபம் வந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் விட வந்தவன், "நீ எதுவும் சொல்ல மாட்டேன்னு தெரியும்" என்றான். நன்றி சொல்வதுபோல் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை ஜீவானந்தம் மாமா வீட்டில் கூடினோம். மறுநாள் அட்டை குத்த வேண்டும், அன்றே டிசைனை முடித்தாக வேண்டும் என்று அவர் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். கூடத்தில் தமிழ்வாணனின் லேப்டாப்பில் கோபுரம் தயாராக இருந்தது. உச்சியில் மட்டும் சில கட்டங்களை வெள்ளையாக விட்டிருந்தார். வெளியே வெயில் கொளுத்தியது. பக்கத்து அறையில் தறிகள் ஞாயிறு என்பதால் சும்மா நின்றன.

ஜீவானந்தம் மாமா அண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனை எல்லோருக்கும் நடுவில் வைத்தார்.

"மாப்ள, நல்லா இருக்கீங்களா? ஒரு சின்ன வேலை. அந்தக் கோபுரத்துக்கிட்ட ஜல்தியா ஒரு எட்டு போயி மேல இருக்கறது இன்னான்னு பாத்து சொல்லிடுங்க. தமிழு பேஜார் பண்றான்."

"மாமா, இங்க செம மழை. வெளியவே போவ முடியல."

"அடடா. மழையா?"

"கொட்டுது மாமா. குடையே நிக்க மாட்டேங்குது."

"ஜன்னல மூடிக்கடா, சாரல் அடிக்கும்" என்றார் அம்மா போனைப் பார்த்து.

"மூடிட்டேன்மா."

அப்பா பெருமையாக எல்லோரையும் பார்த்தார். தைனானில் மழை பெய்வது அவர் ஏற்பாடு என்பதுபோல். நான் சுவரோரமாக நின்றிருந்தேன். மழை என்று சொல்பவனுக்குப் பின்னால் மின்விசிறி கடகடவென்று ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. மற்ற யாருக்கும் கேட்கவில்லை, அல்லது கேட்டும் ஒன்றும் தோன்றவில்லை.

ராதிகா உள்ளிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். கையில் போன்.

"அபி, ராஜினாமா மெயில் அடிச்சிட்டேன். இங்கிலீஷ் சரியா இருக்குதான்னு ஒரு தடவ பாத்துடு. அனுப்பிடறேன்."

வாங்கிப் படித்தேன். நாலு வரி. இத்தனை ஆண்டு வேலை கொடுத்ததற்கு நன்றி, கல்யாணம், வெளிநாடு போகிறேன், தயவுசெய்து விடுவியுங்கள். ஒரு பிழைகூட இல்லை. பிழை இருந்திருந்தால் திருத்துகிறேன் என்று கொஞ்ச நேரம் வைத்திருக்கலாம். மறுபடியும் படித்தேன்.

"மாப்ள, நீங்க ஞாபகத்துலேர்ந்தாவது சொல்லுங்க" என்றார் ஜீவானந்தம் மாமா. "மீனா, பாம்பா? மூணு வருஷமா பாக்கறீங்களே."



"மீன்தான் மாமா" என்றான் அண்ணன். "என் ரூம் ஜன்னல்லேர்ந்தே தெரியுது. மழைல கொஞ்சம் மங்கலா இருக்குது. ஆனா மீன்தான். இப்பகூட பாத்துகினுதான் பேசறேன்."

"பாருங்க, பாத்துகினே சொல்றான்" என்றார் அப்பா.

"அப்போ செதில் போட்டுடறேன் சார்" என்று தமிழ்வாணன் வெள்ளைக் கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்ப ஆரம்பித்தார்.

"கரெக்டா இருக்குதா அபி?" என்று ராதிகா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். அவள் கட்டைவிரல் திரையின் மூலைக்குப் போயிற்று.

"அனுப்பாதீங்க" என்றேன்.

என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. ராதிகாவுக்குக் கேட்டுவிட்டது. விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தாள்.

"இன்னா அபி? தப்பா இருக்குதா?"

"இல்ல. அனுப்பாதீங்க."

இந்த முறை சத்தமாக வந்துவிட்டது. தமிழ்வாணன் கையை நிறுத்தினார். அம்மா திரும்பினார். "இன்னாடி, இன்னா ஆச்சு?" என்றார். போனுக்குள் அண்ணன், "அபி" என்றான். மறுபடியும், மெதுவாக, "அபி, வேணாம்" என்றான். எல்லோரும் போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.  தரையைப் பார்த்தால் சொல்ல முடியாது என்று தெரிந்தது. ராதிகாவின் முகத்தைப் பார்த்தேன்.

"அங்க மழையும் இல்ல, மீனும் இல்ல. அண்ணனுக்கு வேலை போயிடுச்சு. தைனான்லேர்ந்து வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. கண்ணமங்கலத்துல இருக்கான்."